எதிரணி இல்லாத மைதானம்

மன்னார்த் தீவில் தலைமன்னார், பேசாலை தொடங்கி எருக்கலம்பிட்டி, தாராபுரம் வரையிலும், பெருநிலத்துக் கரையில் வங்காலை வரையிலும், மாலையானால் பந்து உதைக்காத ஊரைக் காண்பது அரிது. பக்கத்து ஊர்க் கழகம் என்றாலே எமது இளைஞருக்கு இரத்தம் கொதிக்கும். திருவிழாக் காலச் சுற்றுப்போட்டியில் நடுவரின் விசில் ஒன்று பிழைத்தால் அந்தக் கோபம் மறுநாள் வாடியிலும் சந்தையிலும் தொடரும். இந்தப் போட்டி மனப்பான்மையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் எம்மிடையே பலர். நாம் அக்கருத்துடையோர் அல்லர். காரணத்தைச் சொல்வதற்கு, தொலைவிலுள்ள ஒரு மீன்பிடி நகருக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ளது ஹல் துறைமுகம். ஹல் ஆறு நகரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே ஆழ்கடல் இழுவைப் படகுத் தொழிலாளர் குடியிருந்த ஹெசல் வீதி. அப்பக்கத்தின் கழகம் 1865இல் தோன்றிய ஹல் எவ்.சி. கிழக்குப் பக்கத்துக் கழகம் 1882இல் தொடங்கிய ஹல் கிங்ஸ்டன் றோவர்ஸ். இரண்டும் ஆடுவது றக்பி லீக். கண்டியிலும் கொழும்பிலும் நாம் காண்பது பதினைந்து பேர் ஆடும் றக்பி யூனியன்; லீக்கில் பதின்மூன்று பேர்.

இந்தப் பிரிவின் வரலாறு கூலிக்காரர் அறிய வேண்டியது. சனிக்கிழமை ஆடப் போனால் ஆலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் அன்றைய கூலி இல்லை. இழந்த கூலிக்கு ஈடாக ஒரு சிறு தொகை கொடுப்பதற்கும் தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரில் கூடித் தனியே பிரிந்தன. கடலுக்குப் போகாத நாள் அடுப்பெரியாத நாள் என்பதை அறிந்த எமக்கு அதன் நியாயத்தை விளக்கத் தேவையில்லை.

1968 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஹல் நகரின் மூன்று இழுவைப் படகுகள் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் மாண்டனர். ஹெசல் வீதிப் பெண்கள் லிலியன் பிலோக்கா என்பவரின் தலைமையில் ஆயிரக்கணக்கான கையொப்பங்களைத் திரட்டிக்கொண்டு இலண்டனுக்குச் சென்றனர். ஒவ்வொரு படகிலும் வானொலி இயக்குநர் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. வென்றார்கள். ஆனால் அந்த அம்மையாருக்கு வேலை போயிற்று. 1976இல் ஐஸ்லாந்து தன் 200 மைல் கடல் எல்லையை நிலைநாட்டியதும் அந்நகரின் ஆழ்கடல் மீன்பிடி சரிந்தது. மன்னார் வளைகுடாவில் இலங்கையும் இந்தியாவும் கடல் எல்லை வகுத்ததும் அதே 1976இல்தான்.

தொழில் போயிற்று, கழகங்கள் நின்றன. 1995இல் லீக்கைப் புதிதாக அமைக்க முற்பட்டவர்கள் இரண்டையும் இணைத்து ஒரே கழகமாக்கலாம் என்றனர். கணக்குப் பார்த்தால் புத்திசாலித்தனமான யோசனைதான். இரு கரை மக்களும் ஒப்பவில்லை.

இவ்விரு கரையாரும் ஒருங்கே போற்றும் மனிதர் ஒருவர் உண்டு. கிளைவ் சலிவன் என்னும் கறுப்பின வீரர், வேல்சின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். சிறு வயதில் கால்களில் பல அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டவர். ஹல் எவ்.சி.க்காக 250 தடவையும் றோவர்சுக்காக 118 தடவையும் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசென்று வைத்தார். 1972இல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரித்தானிய அணிக்குத் தலைவரும் அவரே. 1985இல் 42 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய பெயரால் ஒரு நினைவுக் கிண்ணம் ஏற்படுத்தப்பட்டது. பருவம் தொடங்குமுன் இரு கழகங்களும் அதற்காக மோதுவது வழக்கமாயிற்று. நகருக்குள் நுழையும் பெருவீதிக்கும் அவருடைய பெயரே.

அவுஸ்திரேலியாவிலும் இவ்வாறே. சிட்னியின் சவுத் சிட்னி, சென் ஜோர்ஜ் என்னும் பழைய எதிரிகளுக்கிடையே 1982இல் ‘தர்மக் கேடயம்’ என்ற பருவ முன் ஆட்டம் தொடங்கியது. அதில் லீக் புள்ளி கிடையாது. ஆனாலும் தோற்றவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாதாம்! 1999 பருவத்தின்பின் சவுத் சிட்னி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பல்லாயிரம் மக்கள் வீதியில் இறங்கினர். கழகம் 2002இல் மீண்டும் களம் கண்டது.

எதிரணி இல்லாமற் போவது என்னவென்று எமக்கும் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறிச்சோடின. எம்மூர்த் தமிழ்க் குடும்பங்களும் அக்காலத்தில் மடுவுக்கும் இராமேஸ்வரத்துக்குமாகச் சிதறின. சண்டை பிடிக்கவாவது பக்கத்து ஊரில் ஆள் வேண்டுமே! போர் முடிந்து, போனவர்களிற் பலர் திரும்பி, மைதானங்களில் மறுபடி கோல் கம்பங்கள் நடப்பட்டதை நாம் சிறிய காரியமாக எண்ணவில்லை.

ஆகவே எமது கழகங்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் சுற்றுப்போட்டிகள் தொடங்குமுன், ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு ஊர்கள் புள்ளியில்லாத ஓர் ஆட்டம் ஆடட்டும். வசூலைக் கடலில் ஆளிழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், உயிர்காப்பு அங்கி வாங்க வசதியற்ற படகுகளுக்கும் கொடுக்கலாம். பெறுவோர் எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்கக் கூடாது. இரு கழகப் பொருளாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பணத்தை எண்ணி, சனம் கலையுமுன் ஒலிபெருக்கியில் தொகையைச் சொல்ல வேண்டும். கணக்குச் சொல்லாத தர்மத்தில் எமக்கு நம்பிக்கை குறைவு.

முதலாவது ஆட்டம் யாருடைய மைதானத்தில் என்பதில் நிச்சயம் தகராறு வரும். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துக்கொள்ளலாம்.