உட்ஸ்டாக் மேடையில் ஒரு கொங்குத் தமிழர்

ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் வீதிகளில் திரளும் கூட்டத்தைக் கண்டவர்களுக்குத் திறந்தவெளித் திருவிழாவின் பொலிவை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், மின்கிதாரும் டிரம்ஸும் அதிர முழங்கும் ராக் இசையின் வரலாற்றில் பெரும்புகழ் பெற்ற திறந்தவெளி விழாவில் தொடக்கவுரை ஆற்றியவர் ஒரு தமிழர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1969 ஆகஸ்ட் 15 அன்று, இங்கே ஆடி மாதம் முடியும் தறுவாயில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில் உட்ஸ்டாக் விழா தொடங்கியது. ஏறத்தாழ 4 லட்சம் இளைஞர்கள் திரண்டதால் சாலைகள் அடைபட, மேடையேற வேண்டியவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிவர நேர்ந்தது. அந்த மேடையில், சீடர்கள் சூழ, நீண்ட தாடியுடன் சம்மணமிட்டு அமர்ந்து பேசியவர், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து, ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரிடம் துறவு பூண்ட சுவாமி சச்சிதானந்தர் ஆவார். ஒலியின் ஆற்றலையும், உலகுக்கு ஆன்மிகத் துணை தேவைப்படுவதையும் அவர் எடுத்துரைத்தபோது, வியட்நாம் போரால் மனம் கொதித்திருந்த அந்தத் தலைமுறை அமைதியுடன் செவிமடுத்தது பெரிதும் போற்றத்தக்கது. அன்றிரவே, கொட்டும் மழைக்கிடையில், பண்டிட் ரவிசங்கரின் சிதாரும் அதே மேடையில் ஒலித்தது.