முள் சொல்லும் உண்மை

டீசல் ஷெட்டில் என்ஜின் தண்ணீரின் சூட்டைப் பார்த்தே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். வெர்சோவாவில் மீன் பிடிக்கும் நண்பரின் அவுட்போர்டு மோட்டார் சென்ற பருவத்தில் நடுக்கடலில் சூடேறி நின்றுவிட்டது. "தண்ணீர் பீச்சிக்கொண்டுதானே இருந்தது, சாப்!" என்றார். பீச்சல், பம்பு வேலை செய்வதை மட்டுமே சொல்லும். உப்பு அடைத்த சிலிண்டர் ஹெட்டின் சூட்டைச் சொல்லாது. அதற்கு மீட்டர்தான் வேண்டும்.

கம்பெனி புத்தகம் காட்டும் துளையில் சென்சாரைப் பொருத்தினோம். ஒற்றைக் கம்பி சென்சாருக்கு அதன் மரையே எர்த். அதில் டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் விட்டுப்போகலாம். மோட்டார் கொதித்தாலும் முள் 'குளிர்ச்சி' என்றே நிற்கும். மீட்டருக்குச் சாவி வழியே பாசிட்டிவ், எர்த், சென்சார் என மூன்று கம்பிகள். பாசிட்டிவில் ஃப்யூஸ் அவசியம்.

நல்ல ஓட்டத்தில் முள் நிற்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். அதைத் தாண்டி ஏறினால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள். பொய் சொல்லும் மீட்டரைவிட மீட்டர் இல்லாததே மேல், அன்பர்களே!