கம்பியில்லாத் தந்தி: ஒரு சொல்லின் கதை

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் 'வயர்லெஸ்' என்ற சொல் புழங்காத நாளில்லை. மௌஸ், ஹெட்போன், இணைய இணைப்பு எல்லாமே வயர்லெஸ்தான். "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று பிள்ளைகள் கேட்டு, 'கம்பியில்லா' என்று நாம் சொன்னால், "இப்படி யாரு பேசுறாங்க?" என்று சிரிக்கிறார்கள். ஆனால் இது நம் தாத்தா காலத்துச் சொல்.

'தந்தி' என்றால் முதலில் நரம்பு, கம்பி என்றே பொருள். வீணைத் தந்தி என்கிறோமே, அதுதான். 1850-களில் இந்தியாவில் மின்கம்பி வழியே செய்தி போகத் தொடங்கியதும், கம்பியின் பெயர் செய்திக்கே ஆகிவந்தது. "தந்தி வந்திருக்கு" என்றால் வீடே பதறும்.

பிறகு மின்காந்த அலைகளின் காலம் வந்தது. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் 1897-இல் லண்டனில் அவ்வலைகளைச் செய்முறையோடு விளக்கினார். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சைகையைப் பெற்றதாக 1901-இல் மார்க்கோனி அறிவித்தார். கம்பியே கம்பி நீட்டிவிட்டது. தந்தி என்ற பெயர் மட்டும் நின்றது. 'கம்பியில்லாத் தந்தி' என்றார்கள். நேர்ப்பொருள் பார்த்தால், கம்பியில்லாத கம்பி!

இந்த வேடிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் 'கம்பியில்லாக் கம்பி' என்றே சொன்னார்கள். இந்தியில் 'தார்' என்றால் கம்பி, தந்தி இரண்டும்தான்; வயர்லெஸ் 'பே-தார்'. வங்காளத்தில் அதே சொல் வானொலிக்கே பெயராயிற்று. கன்னடத்தில் 'நிஸ்தந்து', தெலுங்கில் 'நிஸ்தந்த்ரி'.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கம்பியில்லாத தொடர்பு' என்றால் ஒற்று மிகாது. கடைசித் 'த' கெட்டு 'கம்பியில்லா' என்று நின்றால் வல்லினம் மிகும்: 'கம்பியில்லாத் தொடர்பு'. இலக்கணத்தில் இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர்.

"வயர்லெஸ்னு சொல்றீங்க, பெட்டிக்குப் பின்னால வயர் இருக்கே?" என்று குழந்தை கேட்டால், அது நல்ல கேள்வி. சுவர்வரை கேபிளில் வரும் இணையம், பெட்டியிலிருந்து நம் கைப்பேசிக்குத்தான் அலையாக வருகிறது. அந்தக் கடைசித் தூரத்தையே இச்சொல் குறிக்கிறது.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. 1942-இல் தொடங்கிய 'தினத்தந்தி'யின் பெயரில் அச்சொல் இன்னும் இருக்கிறது. பேச்சில் வயர்லெஸ் என்று சொல்வதால் குடிமுழுகிப் போகாது. ஆனால் பள்ளியில் இந்தியோ வங்காளமோ படிக்கும் பிள்ளைக்கு, 'பே-தார்' என்பதன் பக்கத்தில் 'கம்பியில்லா' என்பதையும் வைத்துக் காட்டுங்கள். ஒரே அச்சில் வார்த்த சொற்கள் என்று அதுவே கண்டுகொள்ளும், அதன்பின் சிரிக்காது.