ஒரு ராத்திரிக்கு ஒரு கட்டில் போதும்

ஆட்டையாம்பட்டி, கை முறுக்குக்குப் பெயர் போன ஊர். இங்கிருந்து சென்னைக்கு ஒரு வேலையாகப் புறப்படுகிறவர் பெரும்பாலும் சாயங்காலமே பஸ் ஏறி சேலம் ஜங்ஷனுக்குப் போய்விடுவார். சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம், மாற்றுத்துணி ஒரு செட். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன்பே சென்ட்ரல். போக வேண்டிய அலுவலகம் திறக்க இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. அதுவரை அவருக்குத் தேவை மூன்றுதான்: குளிக்கத் தண்ணீர், முதுகு சாய்க்க ஓர் இடம், பைக்குப் பாதுகாப்பு. அதற்காக லாட்ஜில் ரூம் போட்டால் ஒரு முழு நாள் வாடகை கொடுக்க வேண்டும்.

கட்டில் மட்டும் தேவைப்படுகிறவர் முழு அறைக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. பெரிய நகரங்களில் பயணச் செலவை ஏற்றிவிடுவது இதுதான். இதற்கு மாற்றாக உலகெங்கும் மக்கள் கண்டுபிடித்த வழிகள் பல. அவற்றில் சில, சேலம் – நாமக்கல் சமவெளிக்காரர்களுக்கு அன்றாட வாழ்க்கை.

லாரியே வீடு

திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று நாடு முழுக்கப் போகின்றன. ஊர் திரும்ப மாதக்கணக்காகும். ரிக்கோடு இன்னொரு லாரியும் போகும். குழாய், டீசல், அரிசி, பாத்திரம், அடுப்பு எல்லாம் அதில்தான். வேலை நடக்கும் இடத்திலேயே சமையல், அங்கேயே படுக்கை.

நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு டெல்லியானாலும் மும்பையானாலும் தங்கும் விடுதி, இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகைதான். வாடகை மிச்சம் என்பது மட்டும் காரணமில்லை. சரக்கையும் டீசலையும் விட்டுவிட்டு அவரால் நகர முடியாது. ஆனால் எஞ்சின் சூட்டில் வெந்த கேபினில் நல்ல தூக்கம் வராது. தூக்கம் கெட்ட ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் இருப்பது எல்லோருக்கும் ஆபத்து. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். லாரி கேபின் என்பது கோடிக்கணக்கான ராத்திரிகளின் படுக்கையறை.

பகலில் கடை, இரவில் பாய்

கடல் கடந்து போன தமிழர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டை அந்தக் காலத் தமிழர்கள் செட்டித் தெரு என்றார்கள். அங்கே நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், அதில் ஒவ்வொரு வட்டிக்கடைக்கும் தரையில் ஒரு பகுதி, கணக்கு எழுத ஒரு சாய்மேசை, பக்கத்தில் ஓர் அலமாரி. பகல் முழுக்கக் கொடுக்கல் வாங்கல். இரவில் அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். சமையல் எல்லோருக்கும் பொது. நகரத்தின் விலை உயர்ந்த வணிக வட்டாரத்தில், தங்குவதற்கென்று தனி வாடகை இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 1970-களில் நகரச் சீரமைப்பு வந்தபோது அந்தக் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன.

சத்திரங்கள் செய்த வேலை

தமிழ்நாட்டில் வழிப்போக்கருக்கு ராத்திரி இடம் கொடுப்பது ஒரு காலத்தில் அறமாகவே இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டி, அவற்றுக்குக் கிராமங்களின் வருவாயை எழுதிவைத்தார்கள். 1801-இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் அவை நடந்த விதத்தை விவரிக்கிறார். எந்தச் சாதியினர் வந்தாலும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் இருந்தால் வரச் சொல்வார்கள். நோயாளிக்கு வைத்தியமும் உண்டு.

ரயில் வந்த பிறகு சத்திரங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தன. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரமும், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் இருக்கும் சத்திரமும் எத்தனையோ பயணிகளுக்கு முதல் நிழல் கொடுத்தவை. காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் 1863-இலிருந்து இருக்கிறது. சென்னை ராயபுரத்தில் 1782 பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது.

கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு

1909-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்களுடன் நடைபயணம் போனபோது புயல்மழையில் சிக்கி, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை ஏன் இளம் பயணிகளின் படுக்கையறை ஆக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கே பிறந்தது. சில ஆண்டுகளில் ஆல்டெனா கோட்டையில் நிரந்தர இளைஞர் விடுதி தொடங்கியது. இன்று உலகெங்கும் இருக்கும் யூத் ஹாஸ்டல்களுக்கு அதுவே வேர்.

ஜப்பானில் வேறு கதை. வேலை முடிந்து கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு டாக்சிக் கட்டணம் கட்டுப்படியாகாது. 1979-இல் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் வடிவமைப்பில் ஒசாகாவில் முதல் கேப்சூல் ஹோட்டல் திறந்தது. தேன்கூட்டு அறைகளைப் போல அடுக்கிய சிறு படுக்கைப் பெட்டிகள். ஆள் படுக்கலாம், உட்காரலாம், நிற்க முடியாது. குளியலறை பொது.

அதே யோசனை 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வந்தது. ஐ.ஆர்.சி.டி.சி. திறந்த அந்த விடுதியில் ‘பாட்’ எனப்படும் படுக்கைப் பெட்டிகள் 48. திறந்தபோது 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய், 24 மணி நேரத்துக்கு 1,999 ரூபாய். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் தனி இடம் உண்டு.

சென்னையில் என்ன வழி?

முதல் வழி ரயில் நிலைய ஓய்வறை. ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் மட்டும் கிடைக்கும். உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால், பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே பதிவு செய்யலாம். தனி அறை வேண்டாம் என்றால், வசதி உள்ள நிலையங்களில் டார்மிட்டரிக் கட்டில் மட்டும் எடுக்கலாம். செலவு இன்னும் குறையும். சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் டிக்கெட் எடுத்த கையோடு பதிவது நல்லது.

பஸ்ஸில் போகிறவர்கள் இறங்குவது கிளாம்பாக்கத்தில். 2023 டிசம்பர் 30-இல் திறந்த அந்த நிலையத்தில் டார்மிட்டரி இருக்கிறது. நகருக்குள் போகும் முன் அங்கேயே குளித்துக் கிளம்பலாம்.

தனியாக வரும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. வேலைக்குப் போகும் பெண்களுக்காக உருவானவை என்றாலும், நேர்முகத் தேர்வு, பயிற்சி என்று சில நாள்களுக்கு வருகிறவர்களும் தங்கலாம். சென்னைப் பக்கம் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உண்டு; சேலத்திலும் உண்டு.

ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வருகிறவரின் நிலைமை எல்லோரையும் விடக் கடினம். எத்தனை நாள் தங்க வேண்டும் என்று அவருக்கே தெரியாது. சென்னை மாநகராட்சி அரசு மருத்துவமனைகளின் வளாகத்தில் நோயாளிகளின் துணையாளர்களுக்கென்றே இரவுக் காப்பகங்களை நடத்துகிறது. காசு கிடையாது. அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் வராந்தாவிலும் மரத்தடியிலும் துண்டை விரித்துப் படுக்கிறவர்கள் ஏராளம். நோயாளியைச் சேர்த்ததும் வார்டிலேயே இதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

சென்னையைத் தாண்டி டெல்லி போனால், பங்ளா சாஹிப் போன்ற குருத்வாராக்களின் யாத்ரி நிவாஸ் என்ற பயணியர் விடுதி உண்டு. தலையை மூட வேண்டும், புகையிலையும் மதுவும் கூடவே கூடாது; லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தில் சாப்பாடு எல்லோருக்கும் இலவசம். திருமலையில் தேவஸ்தானத்தின் பொதுக் கூடங்களில் பாயும் லாக்கரும் இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்கே தங்கினாலும் ஆதார் அட்டையின் அசல், பைக்கு ஒரு பூட்டு, ஒரு போர்வை கையில் இருக்கட்டும். பணத்தையும் மருத்துவச் சீட்டுகளையும் தலைமாட்டுப் பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். பிளாட்பாரத்திலேயே ராத்திரியை ஓட்டிவிடலாம் என்று நினைப்பது சரிவராது. பிளாட்பார டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். பயண டிக்கெட் இருந்தால் காத்திருப்பு அறையில் உட்காரலாம்.

மணிக்கணக்கில் கட்டில் கொடுக்கும் இடங்கள் சென்னையின் பெரிய நிலையங்களோடு நின்றுவிடக் கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத் தருமபுரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் தினமும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் குளியலறையும் லாக்கரும் உள்ள சுத்தமான ஒரு கட்டில், நடந்து போகும் தூரத்தில், அவர்கள் கையிலிருக்கும் காசுக்குள் கிடைக்க வேண்டும்.