கேம் கன்சோல் டீல் நியூஸ் வந்தா சிப் ஸ்டாக் வாங்கலாமா?

2025 ஜூன்ல மைக்ரோசாப்ட் ஒரு அறிவிப்பு விட்டாங்க: அடுத்த தலைமுறை எக்ஸ்பாக்ஸுக்கான சிப்பை ஏஎம்டியோட சேர்ந்து உருவாக்கப் போறாங்க. இப்படி ஒரு நியூஸைப் பார்த்ததும் நம்ம மனசுல ஒரே கணக்குதான் ஓடும். கோடிக்கணக்குல கன்சோல் விக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு சிப் இருக்கும், அப்போ ஷேர் ஏறும்தானே?

சம்பளம் வந்த கையோட வாங்கறதுக்கு முன்னாடி, இதே கணக்கு ஏற்கனவே ஒரு தடவை என்ன ஆச்சுன்னு பாருங்க.

2013-ல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ரெண்டுக்குமே சிப் கொடுத்தது ஏஎம்டிதான். வருஷ ஆரம்பத்தில் 3 டாலருக்குக் கீழே இருந்த ஷேர், அதே வருஷம் 4 டாலரைத் தாண்டியது. பிளேஸ்டேஷன் 4 மொத்தமா 11 கோடிக்கும் மேல வித்துச்சு. ஆனா 2015-ல் ஏஎம்டிக்கு 66 கோடி டாலர் நஷ்டம். ஷேர் 2 டாலருக்குக் கீழே போயிடுச்சு. 4 டாலருக்கு வாங்கினவங்களுக்கு பாதிக்கு மேல காலி!

ஏன் இப்படி ஆச்சு?

முதல் காரணம், மார்ஜின். கன்சோலையே குறைஞ்ச லாபத்துல விக்கிற கம்பெனி, சிப்புக்கு அதிக விலை கொடுக்காது. பிளேஸ்டேஷன் 4-க்கு சோனி தர நினைச்ச விலை கட்டுப்படியாகலைன்னுதான் என்விடியா ஒதுங்கிக்கிச்சு.

ரெண்டாவது, சைக்கிள். ஒரு கன்சோல் ஏழு வருஷம் வரைக்கும் ஓடும். ஆரம்பத்துல ஆர்டர் குவியும், கடைசி வருஷங்கள்ல சரியும். ஏஎம்டியோட கேமிங் பிரிவு வருமானம் 2023-ல் சுமார் 620 கோடி டாலர். 2024-ல் சுமார் 260 கோடி டாலர்தான். கன்சோல் சிப் ஆர்டர் குறைஞ்சதுதான் முக்கியக் காரணம்.

மூணாவது, கம்பெனியோட மத்த பிசினஸ். 2015-ல் ஏஎம்டியைக் கீழே இழுத்தது கம்ப்யூட்டர் சிப் விற்பனைச் சரிவு. பிறகு தூக்கி நிறுத்தினது 2017-ல் வந்த ரைசன், அப்புறம் சர்வர் சிப்கள். 2024-ல் டேட்டா சென்டர் பிரிவு மட்டும் சுமார் 1,260 கோடி டாலர் கொண்டு வந்துச்சு.

என்விடியா கதையும் இதேதான். 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு சிப் கொடுத்தது அவங்கதான். ஆனா 2023-ல் இருந்து ஷேர் பறந்ததுக்குக் காரணம் ஏஐ சிப்தான், ஸ்விட்ச் இல்ல.

அதுக்காக கன்சோல் டீல் வீண்னு சொல்லலை. கஷ்ட காலத்துல ஏஎம்டிக்குக் கையில காசு வந்துட்டே இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். கம்பெனி தாக்குப்பிடிக்க உதவுறது வேற, ஷேர் விலையை ஏத்துறது வேற.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

1. மொத்த வருமானத்துல கன்சோல் சிப்போட பங்கு எவ்வளவு? காலாண்டு ரிசல்ட்ல பிரிவு வாரியா போட்டிருப்பாங்க.
2. கன்சோல் கடைக்கு வர இன்னும் எத்தனை வருஷம்? அதுவரைக்கும் உங்க பணம் காத்திருக்குமா?
3. இந்த நியூஸ் ஏற்கனவே விலையில ஏறிடுச்சா?

இன்னொரு விஷயம். அமெரிக்க ஷேர் ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தாலும் ஐடிஆர்-1 போட முடியாது. வெளிநாட்டுச் சொத்து விவரத்தை ஷெட்யூல் எஃப்ஏ-வில் காட்டியே ஆகணும். டாலர் மாற்றும் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ் ரெண்டும் ரெடி பண்ணிட்டு, மிச்சப் பணத்துல மட்டும் இதையெல்லாம் யோசிங்க. கன்சோலை ஆசைக்கு வாங்கலாம். ஷேரை ரிசல்ட் பார்த்து வாங்குங்க. உங்க லிஸ்ட்ல எந்த சிப் ஸ்டாக் இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க!