அக்காள்மடத்து வெயிலில் மணி பார்க்கலாம்: வீட்டிலேயே சூரியக் கடிகாரம் செய்வது எப்படி?

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கும் அக்காள்மடத்தில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே மொட்டை மாடியில் ஒரு சூரியக் கடிகாரம் வைக்க ஆசையா? இணையத்தில் கிடைக்கும் படத்தை அச்செடுத்து ஒட்டினால் வேலைக்கு ஆகாது. இந்தக் கடிகாரம் ஊருக்கு ஊர் மாறும்.

நிழல் தரும் கம்பி பூமியின் அச்சுக்கு இணையாக, அதாவது துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் உள்ள 27 மீட்டர் உயர சாம்ராட் யந்திரத்தில் அந்தச் சாய்வு 27 டிகிரி. அக்காள்மடத்தில் சுமார் 9 டிகிரிதான். துருவ நட்சத்திரமே அங்கு வடக்குக் கடலுக்கு மேல் அவ்வளவு தாழ்வாகத்தான் தெரியும். இதனால், படுக்கை வசத்தில் வைக்கும் வழக்கமான தட்டில் 11, 12, 1 மணிக் கோடுகள் ஒன்றுக்கொன்று 3 டிகிரிகூட விலகாமல் நெருக்கியடிக்கும். பார்த்து மணி சொல்வது கஷ்டம்.

அதற்குப் பதில் 4 அங்குல பிவிசி குழாய் ஒரு அடி போதும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் தொட்டி மாதிரி ஒரு பாதி கிடைக்கும். இரு முனைகளிலும் அரைவட்டப் பலகையை ஒட்டி, வெட்டிய விளிம்புகளுக்குச் சரியாக நடுவில், அதே மட்டத்தில் ஒரு கெட்டி நூலை இழுத்துக் கட்ட வேண்டும். உள்வளைவின் அளவுக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, 12 சம பாகமாகக் கோடு போட்டு ஒட்டினால் ஒவ்வொரு பாகமும் ஒரு மணி நேரம். மேற்கு விளிம்பு காலை 6, அடிக்கோடு 12, கிழக்கு விளிம்பு மாலை 6. குழாயைத் தெற்கு வடக்காக வைத்து, வடக்கு முனையை மட்டும் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக உயர்த்தினால் 9 டிகிரி வந்துவிடும்.

திசைக்கு செல்போனை நம்ப வேண்டாம். பக்கத்தில் இரும்பு இருந்தாலே அது தடுமாறும். சூரிய சித்தாந்தம் சொல்லும் பழைய வழியே சுலபம். சமதளத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். நிழல் நுனி காலையில் வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும் பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் இணைத்தால் மேற்கு கிழக்கு. அதற்குச் செங்குத்தான கோடு வடக்கு.

எல்லாம் முடித்துப் பார்த்தால், ‘என்னப்பா, மணி தப்பா காட்டுது?’ என்று தோன்றும். தப்பில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. அக்காள்மடம் அதற்குச் சுமார் 3.25 டிகிரி மேற்கே இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 13 நிமிடம் பின்தங்கும். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு என்பதால் வேறொரு வித்தியாசமும் சேரும். பிப்ரவரி நடுவில் நிழல் 12-ஐத் தொடும்போது கைக்கடிகாரம் 12.27 காட்டும், நவம்பர் தொடக்கத்தில் 11.57.

சரிபார்க்கத் தோதான நாள் தமிழ்ப் புத்தாண்டு. ஏப்ரல் 14-ஐ ஒட்டி அந்த இரண்டாவது வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். அன்று 12.13-க்கு நூலின் நிழல் அடிக்கோட்டில் விழ வேண்டும். சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும் நாளும் அங்கே அதுவேதான். பக்கத்தில் நட்ட குச்சிக்கு அந்த நேரத்தில் நிழலே இருக்காது.