அப்லோடு பட்டனை அழுத்தினால் 'எரர்'... உங்கள் சான்றிதழ் எங்கே சிக்குது தெரியுமா?

முதல் பட்டதாரி சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கலந்தாய்வு, அரசுத் தேர்வு... இன்றைக்கு எதற்கு விண்ணப்பித்தாலும் கடைசியில் ஒரு 'அப்லோடு' பட்டன் இருக்கும். அங்கேதான் பலருக்கும் மூச்சு முட்டும். சுற்று சுற்றென்று சுற்றி, கடைசியில் 'ஃபைல் அப்லோடு ஃபெயில்டு' என்று ஒரே ஒரு வரி. ஏன், எதற்கு என்ற விளக்கம் கிடையாது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரிந்தால் பாதி பிரச்சனை அங்கேயே முடிஞ்சுடும். விரிவாகப் பார்ப்போம்.

பிரச்சனை யாருக்கு?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. அங்கிருந்து ஒரு மாணவி பொறியியல் கலந்தாய்வுக்காகச் செல்போனில் சான்றிதழ் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க பக்தர்கள் கூட்டம். எல்லோர் கையிலும் போன், பலர் வீடியோ காலில்.

மாணவியின் போனில் சிக்னல் நான்கு கோடு காட்டும். ஆனால் ஃபைல் மட்டும் போகாது. காரணம், கோடு சொல்வது டவரில் இருந்து வரும் சிக்னலின் பலத்தை. அந்த டவரை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதை அது சொல்லாது. போதாக்குறைக்கு, மொபைல் இணையத்தில் டவுன்லோடு வேகத்தைவிட அப்லோடு வேகம் பொதுவாகவே குறைவு. யூடியூப் ஓடுதே, சான்றிதழ் மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரு கணக்கு போடலாம். போனில் எடுத்த ஒரு போட்டோ 3 எம்பி. பிட் கணக்கில் அது 24 மெகாபிட். அப்லோடு வேகம் நொடிக்கு அரை மெகாபிட் என்றால் ஒரு பக்கம் போய்ச் சேரவே 48 நொடி ஆகும். ஐந்து சான்றிதழ் என்றால் நான்கு நிமிடம். இடையில் இணைப்பு ஒருமுறை அறுந்தால், பெரும்பாலான தளங்களில் மறுபடியும் முதலில் இருந்துதான்.

ஃபைல் எப்படிப் பயணிக்குது?

பெயர், பிறந்த தேதி மாதிரியான விவரங்கள் வெறும் எழுத்து. போட்டோவும் பிடிஎஃப்பும் அப்படி இல்லை. இந்த இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்து அனுப்பும் முறைக்குப் பெயர்தான் 'மல்டிபார்ட்'. பல பாகங்கள் கொண்டது என்று அர்த்தம்.

இது இமெயிலில் இருந்து வந்த யோசனை. இமெயிலில் ஃபைல் இணைக்கும் முறைக்கு 1992-லேயே விதிமுறை வந்துவிட்டது. அதையே இணையதளப் படிவங்களுக்குக் கொண்டுவரும் திட்டத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நெபல், மாசிண்டர் இருவரும் 1995 நவம்பரில் 'ஆர்எஃப்சி 1867' என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ல் வந்த 'ஆர்எஃப்சி 7578'.

ஒரு பெரிய கவருக்குள் பல சின்ன கவர்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பெயர், ஒன்றில் போட்டோ, ஒன்றில் சான்றிதழ். ஒவ்வொரு கவருக்கும் நடுவில் ஒரு பிரிப்புக் கோடு இருக்கும். இதை 'பவுண்டரி' என்கிறார்கள். இந்தக் கோடு எப்படி இருக்கும் என்பதைப் பிரவுசர் முன்கூட்டியே சர்வரிடம் சொல்லிவிடும். கடைசிக் கவருக்குப் பிறகு 'இத்தோடு முடிந்தது' என்று ஒரு முடிவுக் கோடும் வர வேண்டும்.

இதில் எது விடுபட்டாலும் சர்வருக்கு ஒன்றும் புரியாது. பிரிப்புக் கோட்டைச் சொல்ல மறந்தால் எந்தக் கவர் எங்கே முடியுதுன்னு தெரியாது. முடிவுக் கோடு வருவதற்குள் நெட் போனால், பாதியில் கிழிந்த கவர்தான் மிச்சம்.

சிக்கும் இடம் 1: உங்கள் போன்

தளம் கேட்கும் அளவும் உங்கள் ஃபைலின் அளவும் பொருந்தாமல் போவதுதான் இங்கே முதல் காரணம். உதாரணத்துக்கு, வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது போட்டோவுக்கு 20 முதல் 50 கேபி, கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி. செல்போனில் எடுத்த படம் இதைப்போல அறுபது எழுபது மடங்கு பெரியது. பலரும் கவனிக்காத இன்னொன்று, குறைந்தபட்ச அளவும் இருக்கிறது. 8 கேபி கையெழுத்தும் நிராகரிக்கப்படும்.

இரண்டாவது காரணம் ஃபைல் வகை. பெயரின் கடைசியில் 'ஜேபிஜி' என்று மாற்றி எழுதினால் அது ஜேபிஜி ஆகிவிடாது. ஐபோனில் 2017 முதல் படங்கள் 'ஹெச்இஐசி' என்ற வேறு வடிவத்தில் பதிவாகும் வசதி இருக்கிறது. உஷாரான சர்வர் பெயரைப் பார்க்காது, உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். ஜேபிஜிக்கு ஒரு தொடக்க அடையாளம், பிடிஎஃப்புக்கு ஒரு தொடக்க அடையாளம் உண்டு. அது பொருந்தாவிட்டால் வெளியே தள்ளிவிடும்.

சிக்கும் இடம் 2: வழியில்

மேலே பார்த்த நெரிசல் கதைதான் இது. ஃபைல் பாதி வந்த பிறகு மீதி வராமல் நின்றால், சர்வர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். இன்னொன்றும் நடக்கும். சான்றிதழைத் தேடி, ஸ்கேன் பண்ணி, அளவைக் குறைத்து வருவதற்குள் லாகின் நேரமே முடிந்திருக்கும். அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் ஏறாது.

சிக்கும் இடம் 3: வாசல்

பெரும்பாலான தளங்களில் உங்கள் ஃபைல் நேராக மென்பொருளிடம் போய்விடாது. முன்னால் ஒரு வாசல் சர்வர் நிற்கும். இதற்குப் பரவலாகப் பயன்படுவது 'என்ஜின்எக்ஸ்'. இதில் எதையும் மாற்றாமல் விட்டால் 1 எம்பிக்கு மேல் உள்ளே விடாது. '413' என்ற எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், படிவத்தில் '2 எம்பி வரை அனுமதி' என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் மென்பொருளும் 2 எம்பி வாங்கத் தயாராக இருக்கும். வாசலில் இருப்பவருக்கு மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1.5 எம்பி ஃபைலோடு போகிறவர் விதிப்படி நடந்தும் திரும்பி வர வேண்டியதுதான்.

சிக்கும் இடம் 4: ஜாவா

அரசு, வங்கி மாதிரியான பெரிய தளங்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது ஜாவா. 2009 டிசம்பரில் வந்த 'சர்வ்லெட் 3.0' வரை, மல்டிபார்ட் கவரைப் பிரிக்கும் வசதி ஜாவா வெப் தரத்திலேயே கிடையாது. 'அப்பாச்சி காமன்ஸ் ஃபைல்அப்லோடு' மாதிரியான தனி நூலகத்தைத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது வசதி இருந்தாலும் சில பொறிகள் இருக்கின்றன.

அளவு: புகழ்பெற்ற 'ஸ்பிரிங் பூட்' கட்டமைப்பில், மாற்றாமல் விட்டால் ஒரு ஃபைலுக்கு 1 எம்பி, மொத்த விண்ணப்பத்துக்கு 10 எம்பிதான் வரம்பு.

சொல்லாமல் துண்டிப்பது: இதுதான் பயனாளரை அதிகம் குழப்புவது. ஜாவா தளங்கள் பல ஓடுவது 'டாம்கேட்' என்ற சர்வரில். ஃபைல் பெரியது என்று முடிவெடுத்த பிறகு, மீதி வந்துகொண்டிருக்கும் பைட்டுகளை 2 எம்பி வரைதான் அது பொறுமையாக வாங்கிக் கீழே போடும். அதற்கும் மேல் வந்தால் இணைப்பையே அறுத்துவிடும். 'ஃபைல் பெரிசு' என்ற தகவல் உங்களுக்கு வந்தே சேராது. 'கனெக்‌ஷன் ரீசெட்' என்றுதான் திரையில் வரும். நீங்களோ நெட் சரியில்லை என்று நினைத்து, அதே ஃபைலோடு மொட்டை மாடிக்கு ஏறுவீர்கள்.

தற்காலிக ஃபோல்டர்: வரும் ஃபைலை ஜாவா முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வைக்கும். சில லினக்ஸ் சர்வர்களில் 10 நாள் தொடப்படாத தற்காலிக ஃபோல்டர்கள் தானாகவே அழிக்கப்படும். அந்த ஃபோல்டர் அழிந்தால், நேற்று வரை ஓடிய தளம் இன்றைக்குத் திடீரென்று யாருடைய ஃபைலையும் வாங்காது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

கையால் கட்டும் கவர்: ஒரு அலுவலகத்தின் ஜாவா மென்பொருள் இன்னொரு தளத்துக்கு ஃபைல் அனுப்புவதும் உண்டு. 2018-ல் ஜாவா 11-உடன் வந்த ஹெச்டிடிபி கிளையன்ட்டில் மல்டிபார்ட் கவரைக் கட்டும் வசதி தயாராக இல்லை. டெவலப்பர்கள் கையாலேயே கட்டும்போது பவுண்டரியைத் தலைப்பில் சொல்ல மறப்பதும், முடிவுக் கோட்டை விடுவதும் அடிக்கடி நடக்கும். 'மல்டிபார்ட் பவுண்டரி கிடைக்கவில்லை' என்ற பொருளில் சர்வர் எரர் காட்டினால், பெரும்பாலும் முதல் தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

தமிழில் பெயர் வைத்தால்?

நம்ம ஊருக்கே உரிய சிக்கல் இது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. 'அம்மா' என்பதில் புள்ளி, கால் எல்லாம் சேர்த்து 5 குறியீடுகள், ஆக 15 பைட். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்குப் பொதுவாக உச்ச வரம்பு 255 பைட். நீளமான தமிழ்ப் பெயர் சீக்கிரமே அதைத் தொட்டுவிடும்.

சர்வர் அந்தப் பெயரைப் பழைய ஐரோப்பிய எழுத்துமுறை என்று நினைத்துப் படித்தாலும் வில்லங்கம்தான். பெயர் கோணல் மாணலான குறிகளாக மாறிவிடும், பிறகு அந்த ஃபைலைத் தேடினால் கிடைக்காது. தமிழில் பெயர் வைத்தது உங்கள் தவறு இல்லை. தமிழர்களுக்காக நடத்தும் தளம் தமிழ்ப் பெயரை வாங்கத்தான் வேண்டும். ஆனால் கடைசி தேதி நெருங்கும்போது சுருக்கமான ஆங்கிலப் பெயரே பாதுகாப்பு.

வரம்பே வேண்டாம் என்று விட்டுவிடலாமே?

முடியாது. அப்லோடு வாசல் என்பது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சர்வருக்குள் தள்ளக்கூடிய இடம். இதற்கு மறக்க முடியாத உதாரணம் அமெரிக்காவின் 'ஈக்விஃபேக்ஸ்'. மக்களின் கடன் விவரங்களைச் சேகரித்து வைக்கும் நிறுவனம் அது.

அங்கே பயன்பட்டது 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற ஜாவா கட்டமைப்பு. மல்டிபார்ட் கவரின் தலைப்பு தப்பாக இருந்தால் எரர் செய்தி தயாரிக்கும் பகுதியில் ஒரு ஓட்டை இருந்தது. தலைப்பில் கட்டளையை எழுதி அனுப்பினால், சர்வர் அதை எரர் செய்தியில் சேர்க்கப் போய் அப்படியே இயக்கிவிடும். 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளியாகிவிட்டது. நிறுவனம் அதை எல்லா இடத்திலும் போடவில்லை. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 14.7 கோடி பேரின் தகவலைத் திருடினார்கள்.

ஆக, வரம்பும் சோதனையும் அவசியம்தான். ஆனால் நிராகரித்த காரணத்தை விண்ணப்பதாரருக்குப் புரியும்படி சொல்வதும் அதே அளவு அவசியம்.

எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

- 413: ஃபைல் பெரிது. அளவைக் குறையுங்கள்.
- 415: ஃபைல் வகை சரியில்லை. தளம் கேட்கும் வகைக்கு முறையாக மாற்றுங்கள்.
- 408, 504: நேரம் முடிந்தது. வைஃபை அல்லது கூட்டம் குறைந்த நேரத்தில் முயலுங்கள்.
- 401, 403: பெரும்பாலும் லாகின் பிரச்சனை. வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.
- 400: கவர் சரியாகக் கட்டப்படவில்லை. வேறு பிரவுசரில் முயன்று பாருங்கள்.
- 500: பெரும்பாலும் கோளாறு சர்வர் பக்கம். உங்கள் ஃபைலை மாற்றி மாற்றி முயல்வதில் பலன் குறைவு.
- கனெக்‌ஷன் ரீசெட்: நெட்டைத் திட்டுவதற்கு முன் சின்ன ஃபைல் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். அது ஏறினால் பிரச்சனை பெரும்பாலும் அளவில்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

- எல்லா ஃபைல்களையும் அளவு குறைத்துத் தயாராக வைத்த பிறகே லாகின் செய்யுங்கள்.
- இ-சேவை மையத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் தரம் குறைந்து சான்றிதழில் எழுத்து மங்கலாம்.
- அளவு குறைக்க முகம் தெரியாத இணையதளங்களில் ஆதார், சான்றிதழ்களை ஏற்றாதீர்கள். போனிலேயே வேலை செய்யும் ஸ்கேனர் ஆப் போதும்.
- ஏற்றிய பிறகு 'வியூ' கொடுத்துத் திறந்து பாருங்கள். 'வெற்றி' என்று வந்தாலும் உள்ளே பாதிப் பக்கம்தான் இருக்கலாம்.
- ஏறவே இல்லை என்றால், தேதி, நேரம், எரர் எண் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கடைசி தேதிக்கு முன்பே உதவி மையத்துக்கு அனுப்புங்கள். பிறகு முறையிடும்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

தளம் நடத்துபவர்கள் என்ன செய்யணும்?

வாசல் சர்வர், டாம்கேட், ஸ்பிரிங், படிவம் ஆகிய நான்கிலும் ஒரே அளவு வரம்பை வைக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் பிரவுசரிலேயே ஃபைல் அளவைச் சோதித்துச் சொன்னால், மாணவியின் நான்கு நிமிடமும் டேட்டாவும் மிச்சம். தற்காலிக ஃபோல்டரைத் தானாக அழியாத இடத்துக்கு மாற்ற வேண்டும். பழைய நூலகங்களைப் புதுப்பிக்க வேண்டும். வேகமான அலுவலக இணையத்தில் மட்டும் சோதித்துவிட்டு விடக்கூடாது, சாதாரண போனில், மெதுவான நெட்டில், தமிழ்ப் பெயர் வைத்த ஃபைலோடும் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், 'ஃபைல் அப்லோடு ஃபெயில்டு' என்ற வரியைத் தூக்கிவிட்டு, 'உங்கள் ஃபைல் 3 எம்பி, அனுமதி 1 எம்பி' என்று தமிழில் ஒரு வரி போடலாம். டெவலப்பருக்கு அது சில நிமிட வேலை. முதல் பட்டதாரி சலுகைக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது ஒரு வருடப் படிப்புச் செலவு.